பெரோசா மேத்தா

சர் பெரோசா மெர்வாஞ்சி மேத்தா (ஆகஸ்ட் 4, 1845 - நவம்பர் 5, 1915) பம்பாயைச் சேர்ந்த வழக்கறிஞர், அரசியல்வாதி, மாநகராட்சித் தலைவர் ஆவார். பார்சி இனத்தவரான இவர் இந்திய தேசிய காங்கிரசின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர். 1890ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பம்பாய் மாநகராட்சியின் தலைவராக 1884, 1885, 1905, 1911 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை பொறுப்பேற்றார். பம்பாயின் முடிசூடா மன்னர் என்றும் பம்பாய்ச் சிங்கம் என்றும் மக்களால் அழைக்கப்பட்டார்.

மேத்தாவின் பொதுவாழ்வு அக்கால நகர வாழ்வின் சடங்குகளோடு பின்னிப் பிணைந்தது. வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தல், அடிக்கல் நாட்டு விழா, பொதுக்கூட்டம் கூட்டிப் பாராட்டுதல், சிலை எழுப்புதல் ஆகியவை இவர் காலத்தில் வெறும் ஆடம்பரங்களாக இருக்கவில்லை. நகரின் சார்பில் பேசும் உரிமை அரசு அனுப்பிய அதிகாரிக்கு உரியதா, நகர மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்திற்கு உரியதா என்ற கேள்வி இவற்றின் பின்னே இருந்தது. அவ்வுரிமை மன்றத்திற்கே உரியது என்பதை நிலைநாட்டுவதில் மேத்தா ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஈடுபட்டார்.

இளமையும் கல்வியும்

மேத்தா பம்பாயில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1864ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் முதுகலைப் பட்டமும் பெற்றார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பார்சி இவரே. கல்லூரி முதல்வராக இருந்த சர் அலெக்சாண்டர் கிராண்ட் இவர்மீது மிகுந்த நம்பிக்கை கொண்டிருந்தார்.

இந்திய இளைஞர்கள் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் கல்வி கற்பதற்காகச் செல்வர் ருஸ்தம்ஜி ஜம்சேட்ஜி ஜீஜீபாய் உதவித்தொகைத் திட்டம் ஒன்றை அறிவித்தார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் மேத்தாவும் ஒருவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பம்பாயின் பருத்தி வணிகம் பெருகி, பங்குச் சூதாட்டமும் தலைவிரித்தாடியது. 1865இல் போர் முடிந்ததும் பருத்தி விலை சரிந்தது. பல பெருஞ்செல்வர்கள் நொடித்துப் போயினர். ருஸ்தம்ஜியும் அவர்களுள் ஒருவர். எனவே அத்திட்டம் நிலைக்கவில்லை.

லண்டனில் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் பயின்ற மேத்தா 1868இல் பாரிஸ்டர் ஆனார். அங்குத் தாதாபாய் நௌரோஜி, உமேஷ் சந்திர பானர்ஜி, பத்ருத்தீன் தியாப்ஜி ஆகியோருடன் பழகினார். அதே ஆண்டில் பம்பாய் திரும்பி வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

நகராட்சிச் சீர்திருத்தம்

மேத்தா தொழில் தொடங்கிய காலத்தில் பம்பாய் நகராட்சி முழுவதும் ஒரே அதிகாரியின் கையில் இருந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர ஆணையராக நியமிக்கப்பட்ட ஆர்தர் கிராபர்டு சாலை, வடிகால், சந்தை முதலிய பணிகளை விரைந்து நிறைவேற்றினார். நகரின் புகழ்பெற்ற கிராபர்டு சந்தை இவர் பெயரால் அமைந்ததே. ஆனால் வரவுக்கு மீறிய செலவும் வரிச்சுமையும் நகர மக்களைக் கொதிப்படையச் செய்தன. 1871ஆம் ஆண்டு வரி செலுத்துவோர் கிளர்ச்சி உச்சத்தை அடைந்தது.

அவ்வாண்டில் மேத்தா பிராம்ஜி கவாஸ்ஜி மன்றத்தில் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 26. பலரும் கிராபர்டை வசைபாடிக் கொண்டிருந்த வேளையில், அவர் செய்த பணிகள் நகருக்கு இன்றியமையாதவை என்று மேத்தா வாதிட்டார். குறை தனி மனிதரிடம் இல்லை. அவரைத் தட்டிக் கேட்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததே குறை என்பது அவர் முடிவு. நிருவாகம் ஒரே அதிகாரியிடம் இருக்கட்டும், ஆனால் அவர் வரி செலுத்துவோரின் பேராளர்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். கூட்டத்தினர் அக்கருத்தை விரும்பவில்லை. எனினும் அவர் கூறிய தேர்தல் முறை அடுத்த ஆண்டே சட்டத்தில் இடம்பெற்றது.

1872ஆம் ஆண்டுச் சட்டம் 64 உறுப்பினர் கொண்ட மாநகராட்சி மன்றத்தை ஏற்படுத்தியது. உறுப்பினருள் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். எஞ்சியோரை அமைதி நீதிபதிகள் எனப்பட்ட நகரப் பெருமக்களும் அரசும் சம அளவில் அனுப்பினர். மேத்தா தொடக்கத்திலேயே மன்றத்தில் இடம்பெற்றார். இறக்கும் வரை மாநகராட்சியே அவருடைய அரசியலின் மையமாக இருந்தது.

1888ஆம் ஆண்டுச் சட்டம்

1880களில் நகராட்சிச் சட்டத்தைத் திருத்தி எழுதும் முயற்சி தொடங்கியது. முதலில் கொண்டுவரப்பட்ட முன்வரைவு, அரசு நியமிக்கும் ஆணையரின் கையை ஓங்கச் செய்வதாக இருந்தது. அப்போது பம்பாய்ச் சட்டமன்றத்தில் உறுப்பினர்களாக இருந்த மேத்தாவும் காசிநாத் திரிம்பக் தெலாங்கும் இதனை எதிர்த்து ஒவ்வொரு பிரிவாக வாதாடினர். நிறைவேறிய சட்டம் மாநகராட்சி மன்றம், நிலைக்குழு, ஆணையர் என மூன்று அதிகார அமைப்புகளை ஏற்றது. ஆனால் நகர ஆட்சி மன்றத்திடமே உள்ளது என்று தெளிவாக வரையறுத்தது.

புதிய மன்றத்தில் 72 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் 36 பேரை வட்டாரங்களின் வாக்காளர்களும், 16 பேரை அமைதி நீதிபதிகளும், இருவரைப் பல்கலைக்கழகத்தாரும், இருவரை வணிகர் சங்கத்தாரும் தேர்ந்தெடுத்தனர். 16 பேரை அரசு நியமித்தது. மன்றத்தின் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். அவருக்கு நிருவாக அதிகாரம் இல்லை. மன்றத்தை நடத்துவதும், விழாக்களில் நகரின் சார்பாக நிற்பதும், விருந்தினரை வரவேற்பதும் அவருடைய கடமைகள். மேயர் என்னும் பெயர் பம்பாயில் 1931ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

இவ்வாறு அன்றாட நிருவாகம் ஆணையரிடம் இருக்க, நகரின் பெருமை தலைவரிடம் இருந்தது. எனவேதான் விழா மேடையில் யார் முன்னே நிற்பது என்பது சிறிய செய்தியாக இருக்கவில்லை. நகரம் அரசின் துறைகளுள் ஒன்றா, தனக்கெனக் குரல் உள்ள அமைப்பா என்பதைப் பார்ப்போர் அங்கேதான் கண்டனர்.

பொதுக்கூட்டங்களும் பாராட்டும்

அக்காலப் பம்பாயில் பொதுக்கூட்டம் கூட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. நகரப் பெருமக்கள் பலர் கையொப்பமிட்டு ஷெரீப் எனப்படும் அதிகாரிக்கு விண்ணப்பம் அளிப்பர். அவர் நாள் குறித்து நகர மண்டபத்தில் கூட்டத்தைக் கூட்டுவார். தீர்மானம் நிறைவேறியபின் நினைவு நிதி திரட்டப்படும். அந்நிதி சிலையாகவோ கட்டிடமாகவோ உருப்பெறும். வருகை தரும் ஆளுநர்களுக்கும் அரச குடும்பத்தாருக்கும் வாசித்தளிக்கப்படும் வரவேற்புப் பத்திரம் அழகிய பேழையில் வைத்து வழங்கப்படும். பத்திரத்தின் வாசகம் முன்னதாகவே அனுப்பப்பட்டு, அதற்குரிய மறுமொழியும் எழுதி ஆயத்தமாக இருக்கும்.

இம்முறையின் அரசியல் பயனை முழுமையாக உணர்ந்தவர் மேத்தா. பாராட்ட வேண்டியவரைப் பாராட்டுவதன் மூலமே பாராட்டத் தகாதவர் யார் என்பதையும் உணர்த்த முடியும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ரிப்பன் பிரபுவின் வழியனுப்பு விழாவாகும்.

ரிப்பன் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்தின் மூலம் இந்திய நகரங்களுக்குத் தன்னாட்சி வழங்க முற்பட்ட தலைமை ஆளுநர். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வழி செய்யும் இல்பர்ட் மசோதாவை ஆதரித்ததால் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியரின் வெறுப்புக்கு ஆளானவர். 1884 டிசம்பரில் அவர் பம்பாய் வழியாகத் தாயகம் திரும்பியபோது இந்தியர் பெருந்திரளாகக் கூடி வழியனுப்பினர். ஆளுநர் ஒருவருக்கு அளிக்கப்பட்ட மரியாதை, அவரை எதிர்த்தவர்களுக்கு அளிக்கப்பட்ட மறுமொழியாகவும் அமைந்தது. 1884 டிசம்பரில் பம்பாய் மாநகராட்சிக் கட்டிடத்திற்கு ரிப்பன் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு மாநகராட்சித் தலைவராக இருந்தவர் மேத்தாவே. பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த அக்கட்டிடம் 1893இல் நிறைவுற்றது. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டிடமும் இதே ரிப்பனின் பெயரைத் தாங்கியுள்ளமை குறிப்பிடத்தக்கது. இந்திய நகரங்கள் அவரை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருந்தன என்பதற்கு 1913இல் திறக்கப்பட்ட அக்கட்டிடம் சான்றாகும்.

தேசிய அரசியல்

1885 ஜனவரியில் பம்பாய் மாகாணச் சங்கம் தொடங்கப்பட்டது. மேத்தா, தெலாங், பத்ருத்தீன் தியாப்ஜி ஆகிய மூவரும் அதன் தூண்களாக விளங்கினர். ஒருவர் பார்சி, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மூவரும் வழக்கறிஞர்கள். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. 1889இல் பம்பாயில் மீண்டும் மாநாடு நடந்தபோது மேத்தா வரவேற்புக்குழுத் தலைவராக இருந்தார். மறு ஆண்டு கல்கத்தா மாநாட்டின் தலைவரானார். 1904ஆம் ஆண்டுப் பம்பாய் மாநாட்டிலும் வரவேற்புக்குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

1893 முதல் தலைமை ஆளுநரின் சட்டமன்றத்தில் பம்பாயின் பேராளராகப் பணியாற்றினார். 1895ஆம் ஆண்டுக் காவல்துறை மசோதாவைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். ஆட்சியாளர் முன்னிலையில் அத்துணை வெளிப்படையாக ஓர் இந்தியர் பேசியது அரசு உறுப்பினர்களுக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. 1901இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நிலவரிச் சட்டத் திருத்தம் நிறைவேற்றப்பட்டபோது, கோபால கிருஷ்ண கோகலே உள்ளிட்டோருடன் மன்றத்தை விட்டு வெளிநடப்புச் செய்தார். அதே ஆண்டு தலைமை ஆளுநரின் சட்டமன்றத்திலிருந்து விலகினார். அவ்விடத்திற்குக் கோகலே வந்தார்.

அரசு இவருக்கு 1894இல் சி.ஐ.இ. பட்டமும், 1904இல் கே.சி.ஐ.இ. பட்டமும் வழங்கியது. இரண்டாவது பட்டத்தின் வழியாக இவர் பெயருக்கு முன் சர் என்னும் அடைமொழி சேர்ந்தது. அரசை எதிர்த்து வாதாடியவர் அரசு தந்த பட்டத்தை ஏற்றதில் அக்கால மிதவாதிகள் முரண்பாடு காணவில்லை. பேரரசுக்குள் இருந்தவாறே உரிமை கேட்பது அவர்கள் கொள்கை.

1905ஆம் ஆண்டு அரச வருகை

1905 நவம்பர் 9ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜும் இளவரசி மேரியும் பம்பாய்த் துறைமுகத்தின் அப்பல்லோ பந்தரில் வந்திறங்கினர். இந்தியாவுக்குக் கடல்வழி வந்த பெருமக்களை முதலில் எதிர்கொண்டது பம்பாயே. அவர்களை வரவேற்கும் முதல் குரலும் பம்பாய் மாநகராட்சியினுடையதே. அவ்வாண்டு மேத்தா மூன்றாம் முறையாகத் தலைவராக இருந்தார். நகரின் சார்பில் இளவரசரை வரவேற்கும் பொறுப்பு அவருக்குக் கிட்டியது.

அவ்வேளை எளியதாக இருக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம், அக்டோபர் 16ஆம் நாள், வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அயல்நாட்டுப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் வலுப்பெற்று வந்தது. இளவரசரை வரவேற்கும் தீர்மானத்தை டிசம்பரில் காசியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் கொண்டுவந்தபோது வங்காளப் பேராளர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மேத்தாவோ அரச குடும்பம் வேறு, ஆட்சி செய்யும் அதிகாரவர்க்கம் வேறு என்ற நிலையில் நின்றார். நகரம் விருந்தினரை முறையாக வரவேற்பதால் அதன் உரிமைக் கோரிக்கை வலுப்பெறுமேயன்றிக் குறையாது என்பது அவரைப் போன்றோரின் நம்பிக்கை.

நவம்பர் 11ஆம் நாள் இளவரசர் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அவருடைய வருகையின் நினைவாக நகரப் பெருமக்கள் எடுத்த முயற்சி அது. வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் என்று வழங்கிய அது, பின்னாளில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரைப் பெற்றது.

1907ஆம் ஆண்டுத் தேர்தல்

மாநகராட்சியில் மேத்தாவின் செல்வாக்கு ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உறுத்தலாக இருந்தது. 1907இல் அவரை மன்றத்திலிருந்தே அகற்ற ஒரு குழு முனைந்தது. கணக்காய்வுத் துறையின் உயர் அதிகாரி ஹாரிசன் இதனை முன்னின்று நடத்தினார். டைம்ஸ் ஆப் இந்தியா இதழின் ஆசிரியர் லோவாட் பிரேசரும் துணை நின்றார். காகஸ் என்று பெயர்பெற்ற இக்குழு, அமைதி நீதிபதிகள் தேர்ந்தெடுக்கும் 16 இடங்களுக்கும் தன் வேட்பாளர்களை நிறுத்தி வாக்குச் சேகரித்தது.

தேர்தல் முடிவில் மேத்தா 17ஆவது இடத்தைப் பெற்றார். 35 ஆண்டுகள் மாநகராட்சியை உருவாக்கி வளர்த்தவர் ஓர் இடத்தால் அதனை இழந்தார். நகரில் பெரும் கண்டனம் எழுந்தது. இது தொடர்பான வழக்கில் மேத்தாவின் தரப்பில் வாதாடிய இளம் வழக்கறிஞர் முகமது அலி ஜின்னா. அவ்வழக்கு வெற்றி பெறவில்லையாயினும் ஜின்னாவுக்குப் புகழ் தேடித் தந்தது. இதற்கிடையே, வெற்றி பெற்ற 16 பேருள் ஒருவரின் தேர்வு செல்லாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த நிலையில் இருந்த மேத்தா அவ்விடத்தைப் பெற்று மன்றத்திற்குத் திரும்பினார்.

இந்நிகழ்ச்சி அக்கால நகராட்சித் தேர்தலின் வலிமை, வலிமையின்மை இரண்டையும் காட்டுகிறது. அரசு தான் விரும்பாதவரை ஆணையிட்டு நீக்க முடியவில்லை. வாக்குச் சேகரித்தே நீக்க முயல வேண்டியிருந்தது. அதேவேளையில் ஒரு சிறு வாக்காளர் வட்டம் ஒன்றுபட்டால் நகரின் முதல் குடிமகனையும் வெளியேற்ற முடிந்தது.

1911ஆம் ஆண்டு வருகை

1905இல் இளவரசராக வந்தவர் 1910இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக அரியணை ஏறினார். தில்லி முடிசூட்டு விழாவுக்காக 1911 டிசம்பர் 2ஆம் நாள் அரசி மேரியுடன் மீண்டும் அப்பல்லோ பந்தரில் இறங்கினார். ஆட்சியில் இருக்கும்போதே இந்தியா வந்த முதல் பிரித்தானிய மன்னர் இவரே. கரையில் அமைக்கப்பட்ட மண்டபத்தில் மாநகராட்சியின் வரவேற்புப் பத்திரத்தை மேத்தா வாசித்தளித்தார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தேர்தலில் வீழ்த்தப்பட்டவர், பேரரசரின் முன் நகரின் குரலாக நின்றார். அவரை அங்கு நிறுத்தியது அரசின் ஆணையன்று, சக உறுப்பினர்களின் வாக்கே. ஒரே விருந்தினரை இளவரசராகவும் மன்னராகவும் இருமுறை வரவேற்ற மாநகராட்சித் தலைவர் என்ற சிறப்பும் இவருக்கு உண்டு.

மன்னர் வந்திறங்கிய இடத்தில் 1913 மார்ச் 31ஆம் நாள் நினைவு வளைவு ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1924இல் கட்டி முடிக்கப்பட்ட அதுவே இந்தியாவின் நுழைவாயில் எனப்படும் புகழ்பெற்ற கட்டிடமாகும். விடுதலைக்குப் பின் 1948 பிப்ரவரியில் பிரித்தானியப் படையின் கடைசிப் பிரிவு இதன் வழியாகவே வெளியேறியது.

பிற பணிகள்

1911இல் சொராப்ஜி போச்கானாவாலா தொடங்கிய சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியாவின் முதல் தலைவர் மேத்தா ஆவார். இந்தியரின் முதலிலேயே இந்தியரின் நிருவாகத்தில் இயங்கிய வங்கி இது. ஐரோப்பியர் கையில் இருந்த நாளிதழ்களுக்கு மாற்றாக 1913இல் பாம்பே குரோனிக்கிள் என்னும் ஆங்கில நாளிதழை நிறுவினார். பெஞ்சமின் ஹார்னிமன் அதன் ஆசிரியராக இருந்தார். 1915இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார்.

காந்தியும் மேத்தாவும்

1896இல் தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை எடுத்துரைக்கப் பம்பாய் வந்த காந்திக்கு, மேத்தா பொதுக்கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தார். பேச்சை முன்கூட்டியே எழுதிவிடுமாறும் அறிவுறுத்தினார். மன்றம் நிரம்பி வழிந்தது. காந்தியின் குரல் எடுபடாததால் தின்ஷா வாச்சா அவ்வுரையைப் படித்தார். 1901இல் கல்கத்தா காங்கிரசுக்குச் சென்றபோது மேத்தா தனிப் பெட்டியில் பயணம் செய்தார். அவருடன் பேச ஓர் இரயில் நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடைப்பட்ட நேரமே காந்திக்குக் கிடைத்தது. மேத்தா தமக்கு இமயமலை போல எட்டாத உயரத்தில் தோன்றியதாகக் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

1915 ஜனவரி 9ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலிருந்து இறுதியாகத் தாயகம் திரும்பிய காந்தி அப்பல்லோ பந்தரில் இறங்கினார். மூன்று நாள்களுக்குப் பின் ஜகாங்கீர் பெட்டிட்டின் மாளிகையில் நகரப் பெருமக்கள் பெரும் வரவேற்பு அளித்தனர். அதற்குத் தலைமை தாங்கியவர் மேத்தா. காந்தி கத்தியவார் நாட்டுப்புற உடையில், தலைப்பாகையுடன் வந்திருந்தார். ஒளிவிளக்குகளும் உயர்குடியினரும் நிறைந்த அம்மாளிகையில் தாம் ஒரு பட்டிக்காட்டானைப் போல உணர்ந்ததாக அவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். பழைய நகர அரசியல் புதிய அரசியலை வரவேற்ற நாள் அது எனலாம்.

விமர்சனங்கள்

மேத்தா காங்கிரசில் மிதவாதிகளின் பக்கம் உறுதியாக நின்றார். 1907 டிசம்பரில் சூரத் மாநாடு பிளவுபட்டபோது, அவர் பிடிவாதமே அதற்கு ஒரு காரணம் எனத் திலகரின் ஆதரவாளர்கள் குற்றம் சாட்டினர். தமிழகத்திலிருந்து வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய பாரதி ஆகியோர் திலகர் அணியில் நின்று அம்மாநாட்டில் கலந்துகொண்டனர். 1909 லாகூர் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேத்தா, மாநாட்டுக்குச் சில நாள்கள் முன்னர் விலகிக்கொண்டார்.

மாநகராட்சியை அவர் தனியொருவராக ஆட்டுவித்தார் என்ற குறையும் கூறப்பட்டது. அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அவர் போற்றி வளர்த்த மன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை குறிப்பிட்ட அளவு வரி செலுத்துவோருக்கும் படித்தோருக்கும் மட்டுமே இருந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த நகரில் பெரும்பான்மையோர் அதற்கு வெளியே நின்றனர். 1896இல் பரவிய கொள்ளைநோயால் மிகுதியாக மடிந்தவர்களும் நகரை விட்டு ஓடியவர்களும் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளே. 1891இல் 8,21,764 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது. நகரின் பெயரால் பேசும் உரிமையை மேத்தா வென்றெடுத்தார். ஆனால் நகரம் என்னும் சொல்லுக்குள் எல்லோரும் இன்னும் வரவில்லை.

மறைவும் நினைவுச் சின்னங்களும்

1915 பிப்ரவரியில் கோகலே மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயில் கூடவிருந்த காங்கிரஸ் மாநாட்டுக்கான ஏற்பாடுகளில் மேத்தா ஈடுபட்டிருந்தார். ஆனால் நவம்பர் 5ஆம் நாள் பம்பாயில் காலமானார். அவருக்கு வயது 70.

பலருக்குச் சிலை எழுப்பக் கூட்டம் கூட்டிய நகரம், அவருக்கும் சிலை எழுப்பியது. சிற்பி டெர்வென்ட் வுட் வடித்த வெண்கலச் சிலை 1923இல் திறந்து வைக்கப்பட்டது. ரிப்பன் அடிக்கல் நாட்டிய மாநகராட்சிக் கட்டிடத்தின் முன்னே அது நிற்கிறது. மலபார் குன்றில் உள்ள தொங்கும் தோட்டமும், கோட்டைப் பகுதியில் உள்ள ஒரு சாலையும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஹோமி மோடி எழுதிய மேத்தாவின் வாழ்க்கை வரலாறு 1921இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

அவர் மறைந்த ஆறு ஆண்டுகளில் நகரச் சடங்குகளின் பொருளே மாறிவிட்டது. 1921 நவம்பர் 17ஆம் நாள் அடுத்த வேல்ஸ் இளவரசர் பம்பாயில் இறங்கியபோது, ஒத்துழையாமை இயக்கத்தினர் வரவேற்பைப் புறக்கணித்தனர். நகரில் கலவரமும் மூண்டது. 1924இல் அதே பம்பாய் மாநகராட்சி, சிறையிலிருந்து விடுதலையான காந்திக்கு வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தது. யாரை வரவேற்பது என்பதை நகரமே முடிவு செய்தது. அத்தகைய முடிவை எடுக்கக்கூடிய மன்றத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பெரோசா மேத்தா ஆவார்.